ஏழு மணிப் பக்கம்

நான்கு தோட்டாக்கள் ஒரே ஓட்டையைப்
பெரிதாக்கிக்கொண்டிருக்க,
ஐந்தாவது மட்டும்
கீழே, இடப்புறம்,
கடிகாரத்தில் ஏழு இருக்கும் இடத்தில்
தனியே போய் உட்கார்ந்திருந்தது.

ஆகஸ்ட். கூமோவுக்கு வடக்கே
பைன் காட்டைச் சதுரமாய் வெட்டிய சுடுதளம்.
நூறு மீட்டர். காற்று இல்லை. கொசு உண்டு.
எல்க் வேட்டைக்கு முந்தைய தேர்வுக்கு
இன்னும் ஒன்பது நாள்.

மர ஆலையில் பலகை தரம் பார்ப்பவள் நான்.
முடிச்சு, வெடிப்பு, நீலப் பூஞ்சை
மூன்று விநாடியில் கண்ணில் படும்.
அதனால் முதல் சந்தேகம் மரத்தின் மேல்தான்.
ஜூலை முழுக்க மழை;
பிர்ச் கட்டை ஊதிக்கொண்டு
குழலின் விலாவைத் தொட்டிருக்கலாம்.
மருந்துக்கடை ரசீது ஒன்றை
இரண்டுக்கும் நடுவே நுழைத்து இழுத்தேன்.
கடைசிவரை தடையில்லாமல் வந்தது.
மரத்தை விட்டுவிட்டேன்.

ஸ்கோப்பின் பிடியில் ஒரு திருகு
அரைச் சுற்று தளர்ந்திருந்தது.
அகப்பட்டான் கள்ளன் என்று
இறுக்கிவிட்டு ஐந்து சுட்டேன்.
ஐந்தாவது, ஏழு மணிக்கு.

வேறு பெட்டி, வேறு எடைத் தோட்டா.
ஏழு மணிக்கு.
குழலுக்குள் துணி விட்டுத் துணி விட்டு
செம்புக் கறையின் பச்சை போய்
துணி துணியாகவே வெளிவரும்வரை தேய்த்தேன்.
ஏழு மணிக்கு.
சூடாய் இருக்குமோ என்று காத்திருந்தேன்;
குழல் ஆறியது, தெர்மாஸில் காபியும் ஆறியது,
நோட்டுப் புத்தகத்தில் பக்கம்தான் தீர்ந்தது.

பக்கத்து மேசையிலிருந்து இர்யா எழுந்து வந்தாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
பேச்சில் சிக்கனம்.
"திரும்பிக்கோ. நான் நிரப்புறேன்."

ஒன்று. சரி.
இரண்டு. சரி.
மூன்றில் விசையை இழுத்தேன்:

டிக்.

வெடியும் இல்லை, உதைப்பும் இல்லை.
ஆனாலும் என் தோள் முன்னே தள்ளியது,
கண் இறுக மூடியது,
குழல் கீழே, இடப்புறம்
குனிந்து நின்றது,
வராத அடிக்கு.

மருந்தில்லாத அந்தப் பொம்மைத் தோட்டாவை
ஜல்லியிலிருந்து பொறுக்கி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள் இர்யா.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன்.

போன அக்டோபர். வெளிச்சம் வடியும் நேரம்.
காளை எல்க் பக்கவாட்டில் நின்றது.
நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றுக்குப் போனது.
ரெமுவை அவிழ்த்துவிட்டு
இரண்டு நாள் அதன் பின்னால் நடந்தோம்.
பாசி மேல் மூன்று துளி.
ஒரு பிர்ச் தண்டில், என் இடுப்பு உயரத்தில், ஒரு தீற்றல்.
அப்புறம் சதுப்பு.
நாய் தண்ணீர் ஓரத்தில் நின்று
என்னைத் திரும்பிப் பார்த்தது.
படிவத்தில் "கிடைக்கவில்லை" என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்துக்கு அதற்குமேல் இடமில்லை.

இப்போது ராத்திரிகளில், சமையலறையில்,
இரண்டு முறை பார்த்துக் காலியென்று உறுதிசெய்த ரைஃபிள்.
குழல் நுனியில் ஒரு ஐந்து சென்ட் காசு.
அடுப்புக் கதவின் ஆணியே குறி.
மூச்சைப் பாதி விட்டு, மீதியை வைத்துக்கொண்டு
விரலை மட்டும் நகர்த்துகிறேன்.
காசு விழுகிறது. எடுத்து வைக்கிறேன்.
விழுகிறது.
கீழ்வீட்டு ஹைக்கினென் குழாயைத் தட்டுகிறார்.
வியாழக்கிழமை பதினொரு முறை விழாமல் நின்றது.
பன்னிரண்டாவதில், எதற்கோ,
அந்தப் பிர்ச் தண்டு ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை மறுபடி இர்யா நிரப்பினாள்.
எது பொம்மை என்று எனக்குத் தெரியாது.
தெரியாதபோது விரலுக்கு அவசரம் இல்லை.
எட்டு ஓட்டைகள் ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின.
ஒன்பதாவது ஏழு மணிக்கே போனது,
முன்னைவிடக் கொஞ்சம் அருகில்.
இர்யா வெள்ளைத் தாள் ஒட்டினாள்.
"இன்னொரு ஐந்து," என்றாள்.

கிளம்பும்போது தேர்வுப் பட்டியலில்
என் பெயரை எழுதினேன்.
பக்கத்திலேயே, அதே ஆணியில்,
வேட்டைக் குழுவின் பட்டியலும் தொங்கியது.
பேனா என் கையில்தான் இருந்தது.
மூடிவைத்தேன்.